காத்து நின்ன பெறகும்

ஒரு ஊர்ல ஒரு பொட்டக்காடு. அதுல ஒரே ஒரு காத்தாலை. அதுக்குக் காவக்காரி பேச்சித்தாய். அவளும் காத்தாலையும்தான், வேற ஈ காக்கா கிடையாது. ம் சொல்லுடா, இல்லன்னா நிறுத்திருவேன்.

"ம்."

காத்தடிச்சா இறக்கை வூம்… வூம்னு சுத்தும். காத்து நின்ன பெறகும் கொஞ்ச நேரம் சுத்தும். தள்ள ஆளே இல்ல, பின்ன ஏன் சுத்துது? பேச்சுத்துணை இல்லாதவ மண்டையை இந்தக் கேள்வி கொடைஞ்சுது. மாசம் ஒருக்கா ஜீப்புல வர்ற இன்ஜினியர்கிட்ட கேட்டா. அவன் இறங்காமலே சிரிச்சான்.

"அது பிசிக்ஸ்மா. உனக்கு எதுக்கு? கேட்டைப் பூட்டு."

பேச்சிக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "அடுத்த மாசம் நானே சொல்றேன். சரியாச் சொன்னா இறங்கி, என்கூட உக்காந்து ஒரு டீ குடிக்கணும். சம்மதமா?"

"சரிம்மா சரி." டர்ருனு போயிட்டான்.

அப்புறம் டவுன்ல பழைய புத்தகக் கடைக்குப் போனா. "இருக்கறதுலயே கனமானதை எடுங்க அண்ணாச்சி." பூசணிக்கா வாங்குற மாதிரி கையில தூக்கிப் பாத்து, கத்தி பேரம் பேசி, பாதி விலைக்கு அடிச்சுட்டா. வீட்ல பிரிச்சா அத்தனையும் கோடும் கொக்கியும். தலைக்கு வெச்சுத்தான் படுத்தா.

மறுநாள் திரும்பிப் போய்ச் சண்டை போட்டா. அண்ணாச்சி ஒரு பரீட்சை நோட்ஸ் கொடுத்தார். ரெண்டு வரி பதிலைக் கடகடன்னு மனப்பாடம் பண்ணி காத்தாலைகிட்ட ஒப்பிச்சா. "சரி, அதனால என்ன?"ன்னு தன்னையே கேட்டா, மறுபடி அதே ரெண்டு வரிதான் வாயில வந்துச்சு. ம்?

"…ம்."

மூணாவது தடவை பேரமே பேசல. கடைத் தரையில சப்புனு உக்காந்துட்டா.

"மொத பக்கம் புரியற புத்தகம் கிடைக்காம எந்திரிக்க மாட்டேன்."

"ஏவாரம் கெடுதும்மா!"

"கெடட்டும்."

சாயங்காலம் ஒண்ணு சிக்குச்சு. எட்டாங்கிளாஸ் புத்தகம், மெலிசு, அட்டை இல்ல. ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதியிருந்தாங்க: 'மிதிக்காட்டியும் சைக்கிள் ஓடுதே, ஏன்?' பேச்சி அந்த எழுத்தையே தடவித் தடவிப் பாத்தா. இதே கேள்வி வேற ஒரு ஆளுக்கும் இருந்திருக்கு!

ராத்திரியெல்லாம் வரி வரியாப் படிச்சா. அடுத்த மாசம் ஜீப் வந்ததும் பேச்சி ஆரம்பிச்சா.

"ஓடுறது ஓடிக்கிட்டேதான் இருக்கும் தம்பி. நிறுத்தத்தான் ஏதாவது வேணும். காத்து நின்னாலும், உரசல் இழுத்துப் பிடிக்கிறவரைக்கும் இறக்கை சுத்தும். சைக்கிளும் அப்படித்தான்."

அவன் சிரிக்கல. இறங்கினான். உக்காந்தான். "சர்க்கரை கம்மியாம்மா"ன்னு சொல்லி டீ குடிச்சான். அப்புறம் டர்ர்…

ஜீப் போன பெறகு பேச்சி பென்சிலை எடுத்து, அந்தக் கேள்விக்குக் கீழ பதிலை எழுதினா. ரெண்டு டம்ளர் இருந்துச்சு. தன்னோடதை மட்டும் கழுவினா, அவன் குடிச்சது அப்படியே இருக்கட்டும்னு விட்டா.

டேய்?

ம் சத்தத்தைக் காணோம். சரி, பேச்சி வெளக்கை அணைச்சாச்சு, நீயும் கண்ணை மூடிட்டே, கதையும் இங்கயே படுத்துக்கட்டும்.