சாட்சிக் கால்

“நாமே தேடிப் போய்ச் சாப்பிடுகிற வரைக்கும் பயமில்லை. யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டால் மட்டும்...” என்று கிழட்டு எருமை ஒருநாள் ஏரிக்கரையில் பேசியது. அதற்கு மேல் என்ன சொன்னது என்பது மைனாவுக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெட்டுக்கிளி குறுக்கே பறந்தது. மைனா அதன் பின்னால் போய்விட்டான்.

அந்த மைனாவின் பெயர் மஞ்சக்கண்ணன். கோரை ஏரியில் பிறந்தவன். சிறகு முளைத்ததும் கடல் தாண்டிப் போனான். பல வருஷம் நாரைகளின் நாட்டில் இருந்தான். நாரைப் பேச்சைக் கரைத்துக் குடித்தான். இப்போது ஓர் உத்தியோகத்தோடு ஊர் திரும்பியிருந்தான்.

உத்தியோகம் ஏழேரிக் களஞ்சியத்தில். கோரை ஏரியோடு சேர்த்து ஏழு ஏரிகளிலும் அதற்குக் கிளை உண்டு. அறுப்புக் காலத்தில் எல்லாரும் தங்கள் தானியத்தை அங்கே போட்டுவைப்பார்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் களஞ்சியம் அதைக் கடனாகக் கொடுக்கும். தலைவர் நெட்டைக்கால் நாரை. ஏரிப் பேச்சு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் மஞ்சக்கண்ணன் வேண்டியிருந்தது.

களஞ்சியத்திடம் ஒரு பொறுப்பு ஓலை இருந்தது. அதில் பன்னிரண்டு விதிகள். பிறர் குடியிருக்கும் இடத்தைக் குலைக்கிற வேலைக்குக் களஞ்சியம் தானியம் தராது என்றது நான்காம் விதி. குடியிருப்பவர்கள் சம்மதித்தால் மட்டும் தரலாம். அதை வாசிக்கும்போதெல்லாம் மஞ்சக்கண்ணனுக்கு மார்பு கொஞ்சம் நிமிரும்.

ஒருநாள் வெளியூரிலிருந்து, நாரைப் பேச்சு பேசும் ஒரு காட்டுப்பன்றி வந்தது.

“இந்த ஏரிக் கோரைக்காட்டை முழுசாகத் தோண்டிக் கிழங்கெடுக்கப் போகிறேன். ஒரு மாத வேலை. என் கூட்டத்துக்கு ஒரு மாதத் தானியம் வேண்டும். சோறு போடாவிட்டால் ஒருத்தனும் மண்ணில் மூக்கை வைக்கமாட்டான்!”

“தாராளமாக!” என்றார் நாரை. “நான்காம் விதிக்காக ஒரு கூட்டம் மட்டும் போட்டுவிடுகிறோம்.”

அந்தக் கோரைக்காட்டில்தான் செவத்தா அத்தை என்ற நீர்க்கோழி கூடு கட்டியிருந்தாள். கூட்டில் ஐந்து முட்டைகள். பொரிக்க இன்னும் பத்து நாள் இருந்தது. தவளைகளும் தூக்கணாங்குருவிகளும் அவளுக்கு அக்கம்பக்கம்.

கூட்டத்துக்கு முதல் நாள் மஞ்சக்கண்ணன் களஞ்சியத்தின் பின்னறைக்குப் போனான். சுவரோரம், மற்ற ஏரிகளுக்கு ஒவ்வொன்றாக, ஆறு களிமண் பலகைகள் சாத்தியிருந்தன. எல்லாவற்றிலும் கால்தடங்கள். ஆறாவது பலகையில் நீர்க்கோழியின் நீள விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன.

“ஆறாம் ஏரியில் நீர்க்கோழியே கிடையாதே, ஐயா!”

“இப்போது கிடையாது” என்றார் நாரை. “அப்போது இருந்தன. சம்மதம் தந்தன. இதோ, ஆதாரம்.”

“இது கூட்டத்துக்கு வந்தவர்களின் தடம்தானே? வாசலில் ஈரமண் பரப்பி எடுப்பது?”

“ஆமாம். வந்தார்கள். விதிகளைக் கேட்டார்கள். வேறென்ன வேண்டும்?”

“வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லையா?”

“சொல்லியிருப்பார்கள். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. காலால் வைத்தது மண்ணில் இருக்கிறது!” நாரை அலகால் சிறகைக் கோதிக்கொண்டார். “நாளைக்குக் கூட்டம் முடிந்ததும் நீ சாட்சிக் கால் வைக்க வேண்டும். ஏரிப் பேச்சு தெரிந்தவரின் கால் இல்லாத பலகை, பலகைகளைச் சரிபார்க்கும் தலைமை ஏரியில் செல்லாது. எட்டாவதாக ஒரு கிளை திறக்கப் போகிறோம். அதற்கு நீதான் தலைவர்.”

மஞ்சக்கண்ணன் அன்றைக்கு ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை. கூட்டத் திடலைச் சுற்றிலும் முள்வேலி. ஒரே ஒரு வாசல். வாசலில் குழைத்த களிமண். நடந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் சோளம் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் பறக்கத் தெரிந்தவர்களும் நடந்தே வந்தார்கள். கூட்டம் முடிந்து போக, பின்பக்கம் புல்வழி ஒன்று விட்டிருந்தது.

செவத்தா அத்தை வந்ததும் மைனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடேய் மஞ்சக்கண்ணா! நாரைப் பேச்சு பேசிப் பேசி உனக்கும் கழுத்து நீண்டிருக்கும்னு நினைச்சேன். அப்படியேதான்டா இருக்கே!”

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க. கூட்டம் ஆரம்பிக்கப் போறாங்க.”

மஞ்சக்கண்ணன் பன்னிரண்டு விதிகளையும் வாசித்தான். பிறகு பன்றி என்ன கேட்டது என்பதைச் சொன்னான். செவத்தா அத்தை எழுந்துவிட்டாள்.

“வேண்டாம்! என் முட்டை பொரிக்கிறதுக்கு முன்னாடியும் வேண்டாம், பொரிச்ச பின்னாடியும் வேண்டாம்! பன்றி கிழங்கு தின்ன நான் எங்கே போய் உட்காருவேன்? நாரையார் தலையிலா?”

கூட்டம் சிரித்தது. நாரையும் புன்னகை செய்தார்.

“என்ன சொல்கிறார்?”

“வேண்டாம் என்கிறார், ஐயா.”

“மிக்க மகிழ்ச்சி. கருத்துக்கு நன்றி என்று சொல். சோளத்தை எடுத்துக்கொண்டு எல்லாரையும் பின்பக்கமாகப் போகச் சொல்.”

மஞ்சக்கண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். கனைத்துக்கொண்டான்.

“நல்லாக் கேட்டுக்குங்க! நன்றின்னு சொல்லச் சொல்றார். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னது எங்கேயும் பதியாது. வாசல் மண்ணிலே பதிஞ்ச காலைத்தான் சம்மதம்னு காட்டப் போறாங்க. ஆறாம் ஏரியிலே அப்படித்தான் நடந்துச்சு. அங்கே இப்போ ஒரு நீர்க்கோழி கிடையாது!”

கூட்டத்தில் எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

“அவர்களிடம் என்ன சொன்னாய்?” என்றார் நாரை.

“உள்ளதைச் சொன்னேன், ஐயா.”

செவத்தா அத்தை வாசல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓகோ! வந்த கால்தான் அவங்க கண்ணுக்குத் தெரியுமா? அப்போ போற காலையும் காட்டிருவோம். எல்லாரும் வாங்க! புல்வழி வேண்டாம். வந்த வழியே திரும்பிப் போவோம். எடுத்த சோளத்தைக் கீழே போடுங்க!”

அவள் களிமண்ணில் இறங்கினாள். நீள விரல்களை அழுத்தி அழுத்தி வைத்தாள். விரல்கள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தன. பின்னாலேயே குருவிகள் வரிசையாக நடந்தன. தவளை ஒரே தாவலில் தாண்டப் பார்த்தது.

“குதிக்காதேடா! நட!”

“எனக்கு நடக்கவே தெரியாதே அத்தை!”

“இன்னைக்குக் கத்துக்கோ!”

தவளை முனகிக்கொண்டே ஒவ்வொரு காலாக எடுத்துவைத்தது. கடைசியில் வாசல் மண் முழுக்க, வந்த தடங்களின் மேல் போன தடங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

“அழி! புது மண்ணைப் பூசு!” என்று நாரை கத்தினார்.

“பதிந்த மண்ணை யாரும் தொடக்கூடாது என்பது ஒன்பதாம் விதி, ஐயா. இப்போதுதானே வாசித்தேன்?”

“அந்த விதியை எழுதியதே நான்!”

“என்னடா சொல்றார்?” என்று வேலிக்கு வெளியேயிருந்து அத்தை கேட்டாள்.

“விதியை அவர்தான் எழுதினாராம், அத்தை.”

“எழுதினவருக்கு வாசிக்க வராதோ!”

வேலிக்கு வெளியே சிரிப்புப் பறந்தது. பன்றிக்குப் பொறுமை போய்விட்டது.

“பலகை செல்லுமா செல்லாதா? அதைச் சொல்லுங்கள். செல்லாது என்றால் தானியம் இல்லை. தானியம் இல்லை என்றால் நான் வேறு காடு பார்க்கிறேன்!”

நாரை கழுத்தை வளைத்து மஞ்சக்கண்ணனின் காதருகே வந்தார். குரல் தேனாக இருந்தது.

“மண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன். வெளியே போன தடங்கள் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உன் ஒரே ஒரு கால் போதும். உள்ளே பார்த்து வை. எட்டாம் ஏரி உன்னுடையது.”

வெளியே குருவிகள் படபடத்தன. “கூப்பிடுங்க அத்தை, அவனைக் கூப்பிடுங்க!”

“யாரும் கூப்பிடாதீங்க” என்றாள் செவத்தா அத்தை. “அவன் கால், அவன் இஷ்டம்.”

மஞ்சக்கண்ணன் களிமண்ணின் ஓரத்துக்கு வந்தான். பறந்து போயிருக்கலாம். சிறகுகளை இறுக்கி ஒடுக்கிக்கொண்டான். பொறுப்பு ஓலையை நாரையின் காலடியில் வைத்தான். பிறகு ஒவ்வொரு விரலும் ஆழமாகப் பதியும்படி, வெளியே பார்த்து நடந்து போனான்.

‘மாட்டேன்’ என்று பிறர் சொல்வதற்கு இடம் வைக்காத விதி, எவ்வளவு நல்ல சொற்களால் எழுதப்பட்டிருந்தாலும், பொறுப்பு ஆகாது.