கரியாளின் அகன்ற அம்பு

காட்டாற்றங்கரையில் கரியாள் என்ற கருமந்தி இருந்தாள். வேடர்கள் விட்டுப்போன ஒரு சின்ன வில் அவள் கையில் கிடைத்தது. அம்பு நுனியில் முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளைச் செருகிக்கொள்வாள். முள்ளுக்கு எடையே இல்லை. நாணை விட்டதும் அம்பு விர்ரென்று பறக்கும். உதிரும் அத்திப்பழத்தைத் தரையில் விழுமுன் குத்திவிடும். அணில்களும் மான்களும் கூடி நின்று ஆரவாரம் செய்யும். கரியாளுக்கு அதில் ஏகப் பெருமை.

ஒருநாள் காலை, பெரிய அலகுடைய ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று பதறிக்கொண்டு வந்தது. அவன் பெயர் மஞ்சமூக்கன்.

"அக்கா! எங்கள் மரத்தில் மலைப்பாம்பு ஏறிவிட்டது!"

"உன் மனைவி எங்கே?"

"பொந்துக்குள்தான் இருக்கிறாள், குஞ்சோடு! அடைகாக்கும்போது எங்கள் வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்திருக்கிறாள். இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. பறக்கவும் முடியாது!"

கரியாள் வில்லை எடுத்துக்கொண்டு தாவினாள்.

பொந்துக்குக் கீழே, ஆற்றின் மேல் நீண்டிருந்த கிளையில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. கரியாள் எதிர்க்கரை மரத்தில் ஏறி அம்புகளை விட்டாள். எல்லாம் குறி பிசகாமல் பாம்பின் நடு உடம்பில் பட்டன. பட்டு, கீழே விழுந்தன.

பாம்பு சோம்பலாகத் தலையைத் தூக்கியது. "யாரது, எனக்குச் சொறிந்துவிடுவது? இன்னும் கொஞ்சம் கீழே!"

கரியாளுக்குச் சுருக்கென்றது. வேடர்கள் போட்டுவிட்டுப் போன அம்புகளும் அவளிடம் இருந்தன. அகன்ற இரும்பு முனை, தோலைக் கிழிக்கும். இதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை.

"அக்கா, அதை எய்து பழக்கம் உண்டா?" என்றான் மஞ்சமூக்கன்.

"அம்புதானே! எல்லாம் ஒன்றுதான்!"

வழக்கம்போல் குறி பார்த்து விட்டாள். அம்பு மெதுவாகப் போனது. அகன்ற முனையில் காற்று பிடித்து மேலே தள்ளியது. அம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து போய், பொந்தின் மண்பூச்சில் இடித்தது. பூச்சில் பாதி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தாய்ப்பறவை அலறியது.

"வாசலைத் திறந்துவிட்டாயே, நன்றி!" என்றது பாம்பு. "வெயில் இதமாக இருக்கிறது. கொஞ்சம் காய்ந்துவிட்டு மேலே போகிறேன்."

கரியாள் காற்றின் மேல் பழி போட வாயெடுத்தாள். மஞ்சமூக்கனின் முகத்தைப் பார்த்ததும் வில்லைத் தாழ்த்தினாள்.

"தப்பு என்னுடையதுதான், தம்பி. இந்த முனையின் போக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வருகிறேன்."

"அதற்குள் பாம்பு எழுந்துவிட்டால்?"

"நீ இங்கேயே இரு. அது அசைந்தால் கூவு!"

ஆற்றோரம் மட்கிய கட்டை ஒன்று கிடந்தது. கரியாள் அதை நோக்கி எய்தாள். அம்பு கட்டைக்கு முன்னால் தரையில் குத்தியது. முனையின் பாரம் அம்பைக் கீழே இழுக்கிறது என்று புரிந்தது. அடுத்த தடவை குறியை உயர்த்தினாள். தூரம் சரியானது, ஆனால் அம்பு பக்கவாட்டில் ஆடியது. வால் பக்கத்துச் சின்ன இறகால் அந்த அகன்ற முனையை அடக்க முடியவில்லை.

அவள் மஞ்சமூக்கனிடம் ஓடினாள். "தம்பி, பெரிய இறகு வேண்டும். உன் வாலில் இருப்பது போல."

"பிடுங்கிக்கொள்!"

"வலிக்குமே!"

"வலிக்கட்டும், அக்கா! சீக்கிரம்!"

அந்த இறகைக் கொடி நாரால் அம்பில் கட்டினாள். இப்போது அம்பு ஆடாமல் போனது. ஆனாலும் முள் செருகிய அம்பின் வேகம் வரவில்லை. அப்படியானால் கிட்டே போய்த்தான் எய்ய வேண்டும்.

அப்போது மஞ்சமூக்கன் கூவினான். பாம்பு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது!

கரியாள் ஆற்றைத் தாண்டி, பாம்பு இருந்த மரத்திலேயே ஏறினாள். பாம்பு எட்டிப் பிடிக்க முடியாத இடமாகப் பார்த்து நின்றாள். குறியைச் சற்றே உயர்த்தினாள். நாணை விட்டாள்.

அம்பு பாம்பின் உடம்பை ஆழமாகக் கிழித்தது. பாம்பின் பிடி தளர்ந்தது. தொப்பென்று ஆற்றில் விழுந்து, நீரோட்டத்தோடு கீழ்க்காட்டுப் பக்கம் போயே போய்விட்டது.

உடைந்த வாசல் வழியாகத் தாய்ப்பறவை எட்டிப் பார்த்தது. "இதை உடைத்தது யார்?"

"நான்தான், தங்கச்சி" என்றாள் கரியாள்.

"அப்படியென்றால் மண் கொண்டு வா! குஞ்சுக்குக் காற்று அடிக்கிறது."

கரியாள் வில்லைக் கிளையில் மாட்டிவிட்டு ஆற்றில் இறங்கினாள். வாசல் அடைபடும் வரை ஈரமண்ணைக் கை கையாக அள்ளிக் கொடுத்தாள்.

பழகிய கருவியில் வாங்கிய பேர் பழகாத கருவிக்கு உதவாது. வேலைக்கு ஏற்றதைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் போக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும்.