முடி உதிராத குட்டைக் குதிரை

முன்னொரு காலத்தில், யானைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஒரு ராஜா இருந்தார். கோலாகலவர்மர் என்று பெயர். குளிர்தேசத்து வியாபாரி ஒருவன் அவருக்கு இடுப்பளவு உயரமே உள்ள ஒரு குட்டைக் குதிரையைக் காணிக்கையாகக் கொடுத்தான். கம்பளி போர்த்தியதுபோல் உடம்பெல்லாம் முடி. கண்ணை மறைக்கும் பிடரிமயிர். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதுகூட அதைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் பக்கத்து நாட்டு மன்னர் விருந்துக்கு வருகிறார். அவர் முன்னால் குதிரையைச் சீவிச் சிங்காரித்து நிறுத்த வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. அமைச்சர் மகுடபதிக்கோ வேறு ஆசை. அரசவை விகடன் கலியன் வாயைத் திறந்தாலே ராஜா சிரிக்கிறாரே என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"மகாபிரபு! இந்த வேலைக்குக் கலியனே பொருத்தமானவன். ஆனால் அரிய பிராணி. அதன் உடம்பை விட்டு ஒரு முடிகூடப் போகக் கூடாது" என்றார்.

"ஆமாம், போகக் கூடாது! போனால், கலியா, உனக்கு மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே அனுப்பிவிடுவேன்" என்றார் ராஜா.

அப்போது சித்திரை மாதம். குளிர்தேசத்துக் குதிரை நம் வெயிலைத் தாங்குமா? கலியன் சீப்பை வைத்ததுமே முடி கொத்துக் கொத்தாக வந்தது. சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்து அசிங்கம். சீவினாலோ கழுதை காத்திருக்கிறது. உதிர்ந்ததையெல்லாம் துணியில் மூட்டைகட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நிஜமாகவே பயந்துபோயிருந்தான், பாவம்.

மனைவி காத்தாயி மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? உதிர்ந்த முடியை எந்தப் பொம்பளையாவது தூக்கிப் போடுவாளா? சேத்து வச்சு சவரி முடிஞ்சு மறுபடி தலையிலயே வச்சுக்குவா. அமைச்சர் வீட்டுக்கே நான்தானே முடிஞ்சு குடுக்கறேன்!"

"அமைச்சரம்மாவுக்கா?"

"அவங்களுக்கு எதுக்கு? முழங்கால் வரைக்கும் கூந்தல் கிடக்கு."

கலியன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விருந்து நாளன்று குதிரை சபைக்குள் வந்தது. தவிடு தேய்த்த உடம்பு பட்டாய்ப் பளபளத்தது. பிடரியிலிருந்து மல்லிகைச் சரம் சுற்றிய தடித்த பின்னல் ஒன்று தரையைத் தொட்டது. விருந்தாளி மன்னர் வியந்துபோனார்.

"பிரபு, மோசடி! இது சவரி! உதிர்ந்த முடி!" என்று குதித்தார் அமைச்சர்.

"சவரிதான். குதிரையில் முளைத்தது, குதிரையிலேயே இருக்கிறது. எங்கே போயிற்று?" என்றான் கலியன்.

"உதிர்ந்ததைக் கட்டி வைத்தால் சொந்த முடி ஆகிவிடுமா?"

கலியன் கைகூப்பினான். "ஆகாது என்று அமைச்சர் பெருமான் சொன்னால் நான் தோற்றேன், மொட்டைக்குச் சம்மதம். ஒரே வேண்டுகோள். அவர் தம் குடுமியை இந்தச் சபையில் ஒருமுறை அவிழ்த்துக் காட்டட்டும்."

அமைச்சரின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின.

"மகுடபதி, அந்தப் பின்னல் யாருடையது?" என்று கேட்டார் ராஜா.

"கு... குதிரையுடையதுதான், பிரபு. சொந்த முடி. முழுக்க முழுக்கச் சொந்த முடி!"

ராஜா கிரீடம் சரியும்படி சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கலியனுக்குப் போட்டார். அதைக் காத்தாயியிடம் கொடுக்க அவன் வீட்டுக்கு ஓடினான். சபை கலைந்தபோது எல்லோரும் ராஜாவை இரு கைகூப்பிக் கும்பிட்டார்கள். அமைச்சர் மட்டும் ஒற்றைக் கையால் கும்பிட்டார்.