கிளியரைத் தின்றவர் யார்?

மெருகு என்பது காரின் மேல் பூசப்படுவது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. மிகப் பெரிய பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது முறையாகாது. மெருகு பூசப்படுவதில்லை, தேய்த்து எடுக்கப்படுகிறது. வண்ணத்துக்கு மேலே கிளியர் என்றொரு நிறமற்ற பூச்சு உண்டு, தலைமுடியைவிட மெல்லியது. அதைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, கம்பளி வட்டைச் சுழலவிட்டு பஃப் போட்டால் பளபளப்பு வரும்.

தூத்துக்குடியில் தவசிக்கனியின் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான்: "கிளியரைத் தின்னு வண்ணத்தைக் காட்டினவங்க, அன்னைக்குச் சாயங்காலமே வெளியே."

ஒருநாள் காலை டாக்டரின் சிவப்புக் கார் வந்தது.

"போன நாலு தீவாளிக்கும் இத நானேதான் தேய்ச்சு அனுப்பினேன். பானெட்டப் பாத்து மீசை ஒதுக்கலாம். இந்தத் தடவையும் அப்படி இருக்கணும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, தவசிக்கனி வேலையை இருவரிடம் ஒப்படைத்தார்.

தேய்ப்பவர் காதர் மைதீன். வயது ஐம்பத்தெட்டு, பட்டறைக்கு வந்து ஆறு மாதம். பஃப் பிடிப்பவள் சகாயராணி. வந்து மூன்றே மாதம்.

காதர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி, இருப்பதிலேயே நைசான ரெண்டாயிரம் நம்பர் பேப்பரால் தேய்த்தார். வழிந்த தண்ணீர் கடைசிவரை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. ராணி வேகத்தைக் குறைத்து வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டினாள். இரண்டாவது ஓட்டத்தில், பானெட்டின் நட்டநடுவில், கம்பளி சிவந்தது. உடனே மெஷினை நிறுத்தினாள். ரூபாய்க் காசு அகலத்துக்கு மங்கலான ஒரு திட்டு.

"யாரு பாத்த வேல இது?" என்றார் தவசிக்கனி.

"நாந்தான் அண்ணாச்சி. கை கொஞ்சம் அழுந்திட்டு" என்றார் காதர்.

"பாய் பொய் சொல்லுதாரு. கம்பளி செவந்தது என் கையில" என்றாள் ராணி.

"நீ சும்மா இரு தங்கச்சி. பொம்பளப் பிள்ளய வேற எவன் பட்டறையில சேப்பான்?"

"இந்த வயசுல உங்கள மட்டும் எவன் பல்லக்கு அனுப்பிக் கூப்பிடுவானாம்?"

தவசிக்கனிக்குத் தலை சுற்றியது. தப்பைத் தள்ளிவிட அடித்துக்கொள்பவர்களை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறார். தப்புக்கு உரிமை கொண்டாடி அடித்துக்கொள்பவர்களை இப்போதுதான் பார்க்கிறார். இருவரில் யாரையும் இழக்க அவருக்கு மனமில்லை. ஆனால் சட்டம் அவரே போட்டது. தண்ணீரைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஒருவர் வெளியே போயாக வேண்டும். வாசகரே, யார் போவது நியாயம்?

விடை: தண்ணீர் கடைசிவரை வெள்ளை, எனவே காதர் வண்ணத்தைத் தொடவில்லை. தொட்டது ராணியின் கம்பளிதான். ஆனால் பூச்சு எப்போதும் மெலிந்திருக்கும் ஓரத்தில் அல்லாமல் நட்டநடுவில், குறைந்த வேகத்தில், இரண்டே ஓட்டத்தில் வண்ணம் வந்ததென்றால் அங்கே கிளியர் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. ராணி வண்ணத்தைக் காட்டினாள். நான்கு தீபாவளியாகத் தின்றவர் தவசிக்கனி.

பானெட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருவதாக டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, அன்று நாலு மணிக்கே தவசிக்கனி வீட்டுக்குப் போனார். காய்ச்சலா என்று மனைவி கேட்டார்.