தூணுக்குச் சொன்ன பேச்சு

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. ஆனா ஒருத்தரோட ஒருத்தர் பேசமாட்டாங்க. ம் கொட்டு. கொட்டலேன்னா இத்தோட நிறுத்திருவேன்.

"ம்."

அண்ணன் பேரு கருத்தப்பாண்டி. தங்கச்சி பேரு குருவம்மா. ஏன் பேசமாட்டாங்கன்னு கேளு. குருவம்மா மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. அவங்க வழக்கத்துல தாய்மாமன்தான் பொண்ணுக்கு முத மாலை போட்டு, கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். கருத்தப்பாண்டி மாலையும் கையுமா பஸ் ஏறினான். பாதி வழியில பஸ் டயரு டமார்னு வெடிச்சுப்போச்சு. அப்புறம் ஓட்டமும் நடையுமா, வேர்க்க விறுவிறுக்க மண்டபத்து வாசலுக்கு வந்து சேந்தா, உள்ள கெட்டிமேளம். டும்டும்டும்டும். குருவம்மா புருஷனோட முதலாளி, ஒட்டுமில்ல உறவுமில்ல, அவரு மாலையப் போட்டுக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிட்டாரு. நல்ல நேரம் போகுதுன்னு சொன்னாங்களாம். கொஞ்சம் பொறுத்திருந்தா வானமா இடிஞ்சு விழுந்திருக்கும்?

கருத்தப்பாண்டி மாலைய வாசல் கேட்டுல மாட்டிட்டு, வந்த வழியே திரும்பிட்டான். ஒரு வாய் தண்ணி குடிக்கல.

அப்புறம் குருவம்மா புருஷன் செத்துப்போனான். அந்த மாதிரி நேரத்துல பொறந்த வீட்டுலருந்து அண்ணன்காரன் கோடிச்சேலை கொண்டுவந்து, தங்கச்சி மேல தன் கையால போத்தணும். அது முறை. இவன் என்ன செஞ்சான், சேலைய வாங்கிப் பக்கத்து வீட்டு ஆளு கையில குடுத்து அனுப்பிட்டான். தான் போகல. கோவம் காலக் கட்டிப்போட்டிருச்சு. அன்னிக்கு அவ அழுத அழுகை புருஷனுக்குப் பாதி, அந்தச் சேலைக்குப் பாதி. ஆனா அது இவனுக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லல.

"ம்."

அப்போ குருவம்மா மகன் ரத்தினவேலுக்கு அந்தமான்ல நிரந்தர வேலை கிடைச்சுச்சு. கப்பல் ஏறிப் போற ஊரு. ஆத்தாளையும் கூட்டிட்டுப் போகணும். அவளுக்கோ முட்டிவலி, வயசும் ஆச்சு. போனாப் போனதுதான், திரும்பி வர்றது லேசில்ல. அண்ணனும் தங்கச்சியும் அதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிக்கணும். இல்லேன்னா இந்த சென்மத்துல கிடையாது.

ரத்தினவேல் நல்ல பய. யோசிச்சான். மாமன் வீட்டுக்கு ஆத்தா போகமாட்டா, ஆத்தா வீட்டு வாசல மாமன் மிதிக்கமாட்டான். கோயிலுக்குப் போகலாம்னா, சாமி முன்னால சத்தியம் வாங்கப் பாக்குறாங்கன்னு ரெண்டு பேருமே வரமாட்டாங்க. அப்போதான் ரெண்டு பேரு ஊரு வழியாவும் அரண்மனைக்கு ஒரு நாள் டூர் பஸ் விடுறாங்கன்னு கேள்விப்பட்டான். அரண்மனைன்னா யாரு வீட்டு வாசல மிதிச்சதாவும் ஆகாது. ராஜாவே செத்துப் பல காலம் ஆச்சு. மூணு சீட்டு போட்டுட்டான்.

விடியக்காலை பஸ் வந்து நின்னுச்சு. புஸ்ஸ்ஸ்னு கதவு தொறந்துச்சு. முன்சீட்டுல குருவம்மா, பின்சீட்டுல கருத்தப்பாண்டி, நடுவுல மாத்தி மாத்தித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கிட்டு ரத்தினவேல்.

பேசாதவங்க ஒரே எடத்துல இருந்தா என்ன செய்வாங்க தெரியுமா? எதிர்ல இருக்குற ஒரு பொருளப் பாத்துப் பேசுவாங்க. பானைகிட்ட, விளக்குமாறுகிட்ட, கட்டிப்போட்ட ஆடுகிட்ட. யாருக்குப் போகணுமோ அவங்களுக்குப் போய்ச் சேந்துரும். அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு. சொல்லிட்டு, பதில் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாது. எட்டிப் பாத்தா கெஞ்சின மாதிரி.

குருவம்மா தூக்குச்சட்டியத் தொறந்தா. தூக்குச்சட்டியப் பாத்தே சொன்னா: "இட்லி இருக்கு. மொளகாப்பொடியும் இருக்கு. பசிச்சவங்க சாப்பிடலாம்."

கருத்தப்பாண்டி ஜன்னலப் பாத்தான். "ஜன்னலே, வீட்டுல அடுப்பெரியாமலா வந்திருக்கோம்?"

"மாமா, நாலு இட்லி சாப்பிட்டா என்ன?"ன்னான் ரத்தினவேல்.

"நீ தின்னு மருமகனே. கப்பல்ல இட்லி கிடைக்காது."

"ஜன்னல்கிட்டயா பேசினாரு?"

ஆமா. ஜன்னல் என்ன, பதில் பேசவா போகுது? உன்ன மாதிரி குறுக்கக் கேள்வியும் கேக்காது.

அப்புறம் பஸ் அரண்மனை முன்னால போய் நின்னுச்சு. டிரைவர் எந்திரிச்சு நின்னாரு. மூக்குக் கண்ணாடியத் தூக்கி நெத்தியில விட்டுக்கிட்டாரு. "இந்தாங்க, சொல்லிப்புட்டேன். வெளக்கிச் சொல்ல ஆளு கிடையாது. அவங்கவங்களாப் போய், அவங்கவங்களாப் பாத்துட்டு, அவங்கவங்களா வரணும். சாயங்காலம் மூணு தடவ ஆரன் அடிப்பேன். மூணாவதுக்கு அப்புறம் எங்க அப்பனா இருந்தாலும் நிக்கமாட்டேன்." எவனும் எவனுக்காகவும் நிக்குறதில்ல. இந்த ஆளு அத முன்கூட்டியே சொன்னாரு, அந்த மட்டுல நல்லவரு.

செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள போகணும். போனா, வாசல்லயே ஒரு கல் யாளி. யானை மாதிரி தும்பிக்கை, சிங்கம் மாதிரி பல்லு, ஆன்னு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. குருவம்மா அது முன்னால நின்னா. கருத்தப்பாண்டி இந்தப் பக்கம் நின்னான்.

அவ யாளியப் பாத்து சொன்னா: "ஏ யாளி, உனக்காவது வாய் தொறந்திருக்கு. சிலபேரு வாயத் தச்சு வச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

அண்ணேன்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாப் போதும். அவன் அதுக்குத்தான் காத்திருந்தான். குத்தலாச் சொன்னதும் சுருக்குன்னு கோவம் வந்திருச்சு.

"ஏ யாளி, நீ வாயத் தொறந்து என்ன பிரயோசனம்? உன்னையும் வாசல்லதான நிக்க வச்சிருக்காங்க. மாலையும் கையுமா வந்தவனையே வாசல்ல நிக்கவிட்ட சனம். இதுங்க கடலத் தாண்டிப் போனாத்தான் என்ன, போகாட்டித்தான் என்ன?"

குருவம்மா முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டா. முட்டிவலிக்காரி, அன்னிக்கு அப்படி நடந்தா.

"ம்."

அப்புறம் ராணி அறை. ஆள் உசரத்துக்கு ஒரு கண்ணாடி. ரசம் போயி அங்கங்க கறுத்துக் கிடக்கு. முன்னால கயிறு கட்டியிருக்கு. குருவம்மா அந்தக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா. கருத்தப்பாண்டி பின்னால வந்தான். கண்ணாடிக்குள்ள அவ மூஞ்சி தெரியுது. வெறும் நெத்தி. அவன் அத அன்னிக்குத்தான் நேருக்கு நேரா பாக்குறான்.

அவ கண்ணாடிகிட்ட மெதுவாச் சொன்னா: "ராணிக்கும் புருஷன் செத்திருப்பான். அவ அண்ணன் எந்த தேசத்துல இருந்தாலும் குதிரையேறி வந்து கோடிச்சேலை போத்தியிருப்பான். அடுத்த வீட்டு ஆளு கையில பொட்டலமாக் குடுத்து அனுப்பியிருக்கமாட்டான்."

இத்தன வருசமா கருத்தப்பாண்டி தனக்கு நடந்தத மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தான். இவளுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு நெனைக்கவே இல்ல. அவ காத்திருந்தா. அதுக்குள்ள வெளியில பாஆஆம். முத ஆரன். கூட்டம் நெருக்கி எல்லாரையும் வெளிய தள்ளிட்டுப் போயிருச்சு.

அப்போ அவன் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டான். சொல்லிரணும். இன்னிக்கே, இந்த எடத்துலயே.

கடைசியா ஒரு தூண் மண்டபம். ஒவ்வொரு தூணும் ரெண்டு ஆளு கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது, அவ்வளவு பெருசு. கருத்தப்பாண்டி உள்ள நுழையுறப்போ குருவம்மா ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காருறதப் பாத்தான். பக்கத்துல அவளோட சிவப்புத் துணிப்பை. அப்போ பாத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு, ஒருத்தர் சட்டைய ஒருத்தர் பிடிச்சு ரயில் விட்டுக்கிட்டு நடுவுல வந்துருச்சுங்க. ரயில் போய் முடியுறதுக்குள்ள ரெண்டாவது ஆரன். பாஆம், பாஆஆம்.

பிள்ளைங்க போனதும் பாத்தான். தூணு மறைக்குது. பை மட்டும் ஓரத்துல தெரியுது. கிட்டப் போனான். தூணுமேல கைய வச்சான். கல்லு சில்லுன்னு இருந்துச்சு.

"ஏ தூணே, கேட்டுக்க. அந்தச் சேலைய நான்தான் கொண்டு வந்திருக்கணும். என் கையால போத்தியிருக்கணும். செய்யல. அது என் தப்புதான். மாலை போனாப் போகுது, அது காஞ்சு சருகாப் போன பூ."

தொண்டையச் செருமிக்கிட்டான். தூணுன்னு ஆரம்பிச்சவன் பேரச் சொல்லிட்டான்.

"குருவு. கடலுக்கு அந்தப் பக்கம் போயி ஒரு கஷ்டம் நஷ்டம்னா ஆள விட்டுச் சொல்லு. அண்ணன் நீந்தியாவது வந்துருவேன்."

சொல்லிட்டான். எவ்வளவு வீம்பு பிடிச்ச ஆளு, சொல்லிட்டான். எட்டிப் பாக்கல, சட்டம் சட்டந்தான். காதத் தீட்டிக்கிட்டு நின்னான். பதில் வரல. இன்னும் கொஞ்சம் நின்னான். ஒரு விசும்பல் கூட இல்ல. அப்போ பின்னாலருந்து பீப்ப்னு ஒரு விசில். காவக்காரரு.

"பெருசு, தூணத் தொடக்கூடாது. கைய எடுங்க."

சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கருத்தப்பாண்டி கைய எடுத்தான். மூஞ்சி செத்துப்போச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு விடுவிடுன்னு வெளிய போயி, செருப்பக் கூட சரியா மாட்டாம, பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டான்.

"அந்த ஆத்தா ஏன் பேசல?"

அவ அங்க இருந்தாத்தான பேசுறதுக்கு. பிள்ளைங்க ரயில் விட்டுச்சுங்கல்ல, அப்பவே ரத்தினவேல் வந்து கையக் குடுத்துத் தூக்கி, தண்ணிக் குழாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டான். எடம் பிடிச்சு வைக்கிறதுக்காகப் பைய மட்டும் விட்டுட்டுப் போனா. எங்க போனாலும் துண்டப் போட்டு, பையப் போட்டு எடம் பிடிக்கிற சனமாச்சே. ராஜா இல்லாத அரண்மனையிலயும் பிடிச்சா. குழாயடியில மூஞ்சியக் கழுவிட்டு, "கண்ணாடிகிட்ட சொல்லிட்டேன்டா. இனி உங்க மாமன் சொல்லட்டும், நான் அண்ணேன்னு கூப்பிட்டுருவேன்"னு மகன்கிட்ட சொன்னா. திரும்பி வந்தா மண்டபம் காலி. பைய எடுத்துக்கிட்டா. மூணாவது ஆரன்.

"ம்."

பஸ் கிளம்புச்சு. குருவம்மா முன்சீட்டுல காத்திருந்தா. பாதி தூரம் வந்தாச்சு. பின்சீட்டுலருந்து சத்தமே இல்ல. கடைசியில, தனக்கு முன்னால இருந்த சீட்டு முதுகப் பாத்துச் சொன்னா: "ஊரு வரப்போகுது. யாருக்காவது சொல்றதுக்கு இருந்தா சொல்லலாம்."

கருத்தப்பாண்டி பல்லக் கடிச்சான். ஒரு தடவ சொன்னது பத்தாதாக்கும், பஸ்ஸு முழுக்கக் கேக்க இன்னொரு தடவ சொல்லணுமாக்கும்னு நெனச்சான்.

ரத்தினவேல் திரும்பினான். "மாமா, இன்னும் கொஞ்ச நேரந்தான். ஒரு வார்த்தை."

"சொல்ல வேண்டியத எல்லாம் அரண்மனையிலயே சொல்லியாச்சு மருமகனே. காது இருந்தாக் கேட்டிருக்கும்."

குருவம்மாவுக்கு யாளிதான் ஞாபகம் வந்துச்சு. கடலத் தாண்டிப் போனாத்தான் என்னன்னு சொன்னான்ல, அது. அவனுக்கு அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டா.

"கேட்டுச்சு"ன்னா சீட்டு முதுகுகிட்ட. "நல்லாவே கேட்டுச்சு."

பாத்தியா? தூணுகிட்ட சொன்னத அவ கேட்டுட்டுத்தான் பேசாம இருந்திருக்கான்னு இவன் நெனச்சான். அவ ஊரு வந்துச்சு. மகன் தோளப் பிடிச்சுக்கிட்டு எறங்கினா. திரும்பிப் பாக்கல. இவன் எதிர்ப்பக்க ஜன்னலப் பாத்து உக்காந்திருந்தான்.

அப்புறம் கப்பல் போற நாளு வந்துச்சு. துறைமுகத்துலருந்து ரத்தினவேல் போன் அடிச்சான். கிர்ர், கிர்ர்.

"மாமா, கப்பல்ல ஏறப்போறோம். அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

கருத்தப்பாண்டி போனக் காதுலருந்து எடுத்துப் பாத்தான். திரும்ப வச்சான். "வேணாம் மருமகனே. நல்லாப் போயிட்டு வாங்க."

வச்சிட்டான்.

அங்க குருவம்மா, "யாருடா, அண்ணனா?"ன்னு கேட்டுக்கிட்டே கைய நீட்டினா. ரத்தினவேல் போனக் குடுத்தான். அவ காதுல வச்சு, "அண்ணே"ன்னா. ரெண்டு தடவ சொன்னா. கொய்ய்ங்னு சத்தம் மட்டும் வந்துச்சு. கப்பல்காரன் ஏறுங்க ஏறுங்கன்னான். ஏறிட்டா.

"திரும்ப போன் பண்ணலாம்ல?"

பண்ணலாம். அவன் வச்சிட்டான்னு இவ பண்ணல. நல்லாக் கேட்டுச்சுன்னு அவ சொன்னதுக்காக அவனும் பண்ணல. அவ அங்கயே கிழவியாகி அங்கயே போய்ச் சேந்தா. இவன் இங்க, நான் எறங்கி வந்தேன், அவ பதில் பேசலன்னு, கேட்டவன் கேக்காதவன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே கிடந்து செத்தான்.

"அவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்."

யாரு சொல்லுவா? தெரிஞ்சவங்க யாரும் இல்ல. எங்கிட்ட கேட்டா நான் அண்ணன் பக்கம்தான், அவன் சொல்லிட்டான்ல. ஆனா சுத்திப் போய்ப் பாத்திருக்கலாம் அந்த மடையன். நாலு எட்டு இருக்குமா? இருக்காது.

சரி, சுவத்துப் பக்கம் திரும்பிப் படு. அவங்க கதை அத்தோட சரி, எனக்கும் வாய் வலிக்குது. கண்ண மூடு.