குறி ரெண்டு தடவை வரும்

பழைய கார் என்ஜினைக் கெடுத்தவன் என்று மெக்கானிக் அருள்தாஸை அடித்துத் துரத்தினார் ஒர்க்‌ஷாப் முதலாளி வைத்தியலிங்கம். அங்கே கார் கழுவும் பிலோமினா அவன் தங்கச்சி.

“வால்வைச் சரிபண்ணினது நீங்கதானே சார்?” என்று காரைப் பார்க்க வந்த பழைய கார் சங்கத்து ஆட்கள் எதிரிலேயே கேட்டுவிட்டாள்.

“என்ஜின் முன்னாடி சுத்துற புல்லிச் சக்கரத்துல போட்டிருக்கற குறி நேரா வந்தா முதல் பிஸ்டன் மேல நிக்குது. அதைப் பார்த்துதான் பண்ணினேன். தப்புன்னு காட்டு, உங்கண்ணனை யோக்கியன்னு ஒத்துக்கறேன்.”

அவள் முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டையை விரலால் அடைத்தாள். “என்ஜினைச் சுத்துங்க சார்.”

குறி வந்தது. விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சுற்றில் காற்று விரலைத் தள்ளியது, குறி மறுபடி வந்தது.

“காத்து தள்ளினாதான் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், அப்பதான் வால்வைச் சரிபண்ணணும். நீங்க எந்தக் குறியில பண்ணினீங்க?”

சங்கத்து ஆட்கள் வைத்தியலிங்கத்தையே பார்த்தார்கள்.

“சரி, அவனை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு.”

“எந்த ஊர்ல இருக்கான்னு தெரிஞ்சா சொல்ல மாட்டேனா சார்?”