காதுக்குள் ஒரு விசில்

"ஐயா, நான் கிளம்புறேன். என் காது இதுக்குச் சரிப்படாது."

தணிகாசலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னான். பதினெட்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன். அது அலுத்துப்போய், குரலை வைத்தே பறவையைச் சொல்லும் வித்தையைக் கற்க இந்த மலைக்கு வந்தான். மூன்று வருடத்தில் இதுவும் அலுத்துவிட்டது.

குரு மாசிலாமணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காதுக்கு என்ன?"

"விசில் கெடுத்துடுச்சு."

"சரி. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்காரு."

அங்கே பாடம் நடக்கும் விதம் ஒன்றே ஒன்றுதான். வாகைமரத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். திரும்பிப் பார்த்தால் அன்றைக்குப் பாடம் கிடையாது. குருவும் திரும்ப மாட்டார். பார்த்துச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். தணிகாசலம் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தான்.

"செண்பகம்."

"ம்."

"குக்குறுவான். அப்புறம் ஒரு மாங்குயில்."

"ம். இன்னும்?"

"அவ்வளவுதான் ஐயா."

"எல்லாம் சரியாத்தானே சொல்றே. காதுல என்ன குறை?"

போகிற நேரத்தில் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு ஐயா. ரொம்ப மெல்லிசா, ஊசி மாதிரி. வந்த முதல் வாரத்துலேர்ந்து கேக்குது. நீங்க ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. அப்போ அது வெளியே இல்லை, பழைய விசில்தான் உள்ளே ஊதுதுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு நடுவுல மத்ததைப் பிரிச்சுக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டேன்."

குரு சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ராத்திரியும் கேக்குமா?"

"இல்லை. விடிஞ்சாத்தான்."

"ஒரே இடத்துலயா?"

"இடப்பக்கம் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்துல வலப்பக்கம் போயிடும்."

சொல்லும்போதே அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காதுக்குள் இருக்கும் விசில் எப்படி இடம் மாறும்?

குரு எழுந்து மரத்தைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிப் பார்த்து அவன் கண்டதில்லை. அவனும் பார்த்தான். உச்சிக்கிளையில் நாலைந்து சின்னக் குருவிகள், நெஞ்சு ஆரஞ்சு நிறத்தில், அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"மின்சிட்டு," என்றார் குரு. "சத்தமே கேக்கலைன்னு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே இது மலையை விட்டுப் போயிடுச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சுட்டேன்."

பிறகு வந்து, பழையபடி மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்போ கூப்பிடுதா?"

"கூப்பிடுது ஐயா."

தணிகாசலம் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"இப்போ?"

"இப்பவும்."